பேர் வெட்டாத செக்ரோலும் காலையில வர்ற எரர் பெட்டியும்

ஆசிரியர் ஐயா அவர்களுக்கு வணக்கம்ங்க,

நான் மலையகத்துல மஸ்கெலியா பக்கம் ஒரு சின்ன பஜார்ல கொமினிகேஷன் வச்சிருக்கேன். போட்டோகொப்பி, ரீலோட், டைப்பிங், ஸ்கேன் எல்லாம் செய்றோம், மழ நாள்ல பஸ்ஸுக்கு நிக்கிறவங்க ஒதுங்குற எடமும் நம்ம கடைதான். உங்க பேப்பர தெனமும் எடுக்கிறேன், ஆனா நான் வாசிக்கிறதுக்குள்ள நாலு பேரு கையி மாறி கசங்கித்தான் எங்கிட்ட வரும், அது வேற விசயம். போன ஞாயித்துக்கெழம ஏஐ பத்தி முழுப்பக்கம் போட்டிருந்தீங்க, படமெல்லாம் கலர்ல நல்லாத்தான் இருந்துச்சு, குத்தம் சொல்லல. ஆனா எங்க பக்கம் ஆளுங்க கம்பியூட்டர போட்டா மொதல்ல வந்து நிக்கிறது ஏஐ இல்லங்க, ஒரு சின்ன எரர் பெட்டி. முந்தின நாள் ராத்திரி அப்டேட் ஆயிருக்கும், காலையில போட்டதும் நடு ஸ்கிரீன்ல செவப்பு பெருக்கல் குறியோட இங்கிலீஷ்ல ரெண்டு வரி, கீழ ஓகே. அந்த ரெண்டு வரிய வாசிக்காம நாங்க எவ்வளவு தொலைச்சிருக்கோம்னு சொல்லத்தான் இந்த கடிதம். கொஞ்சம் நீளமாத்தான் போகும், வெட்டிப் போட்டாலும் பரவால்ல, ஆனா செக்ரோல் (தோட்டத்துல வேலையாளுங்க பேர் எழுதி வைக்கிற புத்தகம்) கதைய மட்டும் வெட்டிறாதீங்க.

மொதல்ல என் கதைய சொல்லிர்றேன். ரெண்டு வருசத்துக்கு முந்தி கடை கம்பியூட்டர்ல இப்படி ஒரு பெட்டி வந்திச்சு. ஓகே அமத்தினா போயிரும், எல்லா வேலையும் நடக்கும், ஆனா அடுத்த நாள் காலையில திரும்பவும் அதே பெட்டி. ஒரு கெழமையா ஓகே ஓகேன்னு அமத்திக்கிட்டே இருந்தேன், பொறவு எனக்கே பயம் வந்திருச்சு, வைரஸா இருக்குமோ, ஹார்ட் டிஸ்க் போகப்போகுதோன்னு. டவுனுக்கு தூக்கிட்டுப் போய் ஒரு கடையில குடுத்தேன், கடை பேர சொல்ல விரும்பல, அங்க இருந்த தம்பி ஸ்கிரீன பாத்தும் பாக்காம "போமட் அடிக்கணும்ணே, அந்திக்கு வாங்க"ன்னு சொல்லிட்டாரு. போமட்னா டிஸ்க்ல இருக்கிற எல்லாத்தையும் அழிச்சிட்டு விண்டோஸ புதுசா போடுறது. நானும் சரின்னுட்டேன். சரின்னது நான்தான், அத மறைக்க மாட்டேன். ஃபைல் எல்லாம் எடுத்தாச்சான்னு அவரும் கேக்கல, எடுத்து வைங்கன்னு நானும் சொல்லல, அவரு நான் எடுத்திருப்பேன்னு நெனச்சிருக்காரு, நான் அவரு எடுப்பாருன்னு நெனச்சிருக்கேன். மூவாயிரம் ரூவா குடுத்துட்டு வந்து கடையில போட்டுப் பாத்தா கம்பியூட்டர் புதுசு மாதிரி சுத்தமா இருக்கு. ஒண்ணுமே இல்லாம சுத்தமா.

ஆறு வருசத்து வேலைங்க. தேர் திருவிழா நோட்டீஸ், 31ஆம் நாள் நினைவஞ்சலி, புள்ளைங்களோட சிவி, பொறப்புச் சான்றிதழ்ல அப்பா பேர் ஒரு மாதிரி ஐடி கார்ட்ல வேற மாதிரி இருக்குன்னு குடுத்த சத்தியக்கடதாசி, 7 பேர்ச் காணிக்கு எழுதின கடிதங்க. இதெல்லாம் கூட திரும்ப டைப் பண்ணலாம், பண்ணவும் பண்ணினேன். பண்ண முடியாதது ஒண்ணு இருந்திச்சு. சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துல பேர் வந்து எழுபதுகள்ல தலைமன்னார்ல கப்பல் ஏறி இந்தியாவுக்குப் போன தன்னோட அக்கா போட்டோவ ஒரு பாட்டி ஸ்கேன் பண்ணக் கொண்டாந்தாங்க, ஈரத்துல பாதி அரிச்சுப் போன போட்டோ, நான் அத கொஞ்சம் சரி பண்ணி பெருசாக்கிக் குடுக்கிறதா சொல்லி வச்சிருந்தேன். ஒரிஜினல்ல இப்ப மூஞ்சியே தெரியல. அந்தப் பாட்டி இன்னமும் கடைப்பக்கம் வந்தா "பரவால்ல தம்பி"ன்னுதான் சொல்றாங்க, நாலு வார்த்த திட்டிட்டாலாவது நல்லாயிருக்கும்.

சரி, இது பழைய கதை. புதுக்கதை என்னன்னா, போன மாசம் கடையில இருக்கிற லெப்டொப்புலயும் அதே பெட்டி வந்திச்சு. இந்த தடவ டவுனுக்குத் தூக்கல. அந்த நேரம் பாத்து எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் படிப்பிச்சு பென்ஷன் போன டீச்சர் ஒருத்தங்க போட்டோகொப்பி எடுக்க வந்தாங்க, அவங்களுக்கு கம்பியூட்டர் பத்தி ஒண்ணும் தெரியாது, மவுஸ புடிக்கச் சொன்னா சுடுற பாத்திரத்த புடிக்கிற மாதிரி புடிப்பாங்க. நான் ஸ்கிரீன திருப்பி "டீச்சர், இது என்னமோ சொல்லுது, கொஞ்சம் வாசிச்சு சொல்லுங்க"ன்னேன். கண்ணாடிய போட்டு மெதுவா வாசிச்சாங்க. "இது என்னவோ ஒண்ணத் தேடுது தம்பி, தேடின எடத்துல அது இல்லயாம், அவ்வளவுதான் எழுதியிருக்கு. இதுக்கா மூஞ்சிய தொங்கப் போட்டிருக்க?"

அவ்வளவுதாங்க விசயம். கம்பியூட்டர் தெரிஞ்சவங்க வாசிக்கல, வாசிக்கத் தெரிஞ்ச டீச்சருக்கு கம்பியூட்டர் தெரியாது, ஆனா கண்டுபுடிச்சது டீச்சர்தான். அந்தப் பெட்டிக்கு மேல ரன்டிஎல்எல்னு போட்டிருக்கும். உள்ள "தேர் வோஸ் எ ப்ரொப்ளம் ஸ்டார்ட்டிங்"னு ஆரம்பிச்சு ஒரு நீட்டு பாதை இருக்கும், சி டிரைவ்ல இன்ன ஃபோல்டர்ல இன்ன ஃபைல்னு, அதுக்குக் கீழ "தெ ஸ்பெசிஃபைட் மொடியூல் குட் நொட் பி ஃபவுண்ட்". நம்ம பாஷையில சொன்னா, இந்த எடத்துல இந்த ஃபைல தொடங்கச் சொன்னாங்க, போய்ப் பாத்தேன், ஆள் இல்ல.

தேயிலத் தோட்டத்துல பொறந்தவங்களுக்கு இத வெளங்கப்படுத்த ரெண்டு நிமிசம் போதும். காலையில பெரட்டு, அதாவது வேலைக்கு முந்தி ஆளுங்கள பேர் கூப்புடுறது. கணக்கப்பிள்ள செக்ரோல வச்சிக்கிட்டு ஒவ்வொரு பேரா கூப்புடுறாரு, ஆளுங்க வந்து நிக்கிறாங்க, வேலைக்கு போறாங்க. இப்ப ஒரு ஆளு தோட்டத்த விட்டுட்டு கொழும்புக்கு வேலைக்கு போயிட்டாருன்னு வைங்க, ஆனா செக்ரோல்ல அவரு பேர யாரும் வெட்டல. என்னாகும்? தெனமும் காலையில கணக்கப்பிள்ள அந்தப் பேர கூப்புடுவாரு, யாரும் வரமாட்டாங்க, "ஆள் இல்ல"ன்னு ஒரு சத்தம் போட்டுட்டு அடுத்த பேருக்கு போவாரு. வேலை நடக்கும். கொழுந்து பறிப்பாங்க, ஸ்டோரு (தேயில பெக்டரி) ஓடும். ஆனா நாளைக்கு காலையிலயும் அதே சத்தம் வரும். கம்பியூட்டர் ஸ்டார்ட் ஆகுறதும் ஒரு பெரட்டுதான். எதெத ஸ்டார்ட் பண்ணணும்னு விண்டோஸ்ட்ட ஒரு செக்ரோல் இருக்கு. பிரிண்டர் சொஃப்ட்வெயார், வைரஸ் காட், டைப்பிங் சொஃப்ட்வெயார்னு ஒவ்வொண்ணும் உள்ள வரும்போது தன் பேர அதுல எழுதிக்கும். பொறவு அது அப்டேட் ஆகும்போது பழைய ஃபைல தூக்கிட்டு புதுசா வேற பேர்ல வேற ஃபோல்டர்ல போடும், ஆனா பழைய பேர வெட்ட மறந்துரும். இல்லன்னா நாம அந்த சொஃப்ட்வெயார அழிச்சிருப்போம், அது போகும்போது பேர மட்டும் விட்டுட்டு போயிருக்கும். இன்னொரு விதமும் உண்டு, வைரஸ் காட் ஒரு கெட்ட ஃபைல புடிச்சு அழிச்சிரும், அந்தக் கெட்டவன் செக்ரோல்ல எழுதி வச்ச பேரு அப்படியே கெடக்கும், அப்பவும் இதே பெட்டிதான். அதுனால பெட்டி வந்தா வைரஸ் வந்திருச்சுன்னு அர்த்தமில்ல, சில நேரம் வைரஸ் போயிருச்சுன்னு அர்த்தம். இருந்தாலும் ஒருக்கா முழுசா ஸ்கேன் ஓட விட்டுர்றது நல்லது.

பேர் வெட்டாததுக்கு தோட்டத்த இடிச்சுக் கட்டுவாங்களா? போமட் அடிக்கிறது அதுதான்.

இன்னொண்ணு, அந்த ரன்டிஎல்எல்ங்கிற பேர பாத்துட்டு அதுதான் வைரஸ்னு தேடிப் போய் அழிக்கிற ஆளுங்களும் இருக்காங்க, நம்ம கடைக்கு வந்த ஒரு ஏ/எல் பையன் அத செய்யத்தான் ரெடியா நின்னான். அது விண்டோஸோட சொந்த ஆளு, அதுதான் பேர் கூப்புடுற கணக்கப்பிள்ள. ஆள் வரலன்னு கணக்கப்பிள்ளய வெட்டக்கூடாது.

பேர வெட்டுறது எப்படின்னு கேட்டா, மொதல்ல அந்தப் பெட்டிய போன்ல ஒரு போட்டோ எடுத்து வச்சிக்கங்க, ஓகே அமத்துறதுக்கு முன்னாடி. அதுல இருக்கிற ஃபைல் பேரும் ஃபோல்டர் பேரும்தான் சாவி, பிரிண்டர் பேரோ வேற ஏதாவது சொஃப்ட்வெயார் பேரோ அதுலயே ஒட்டியிருக்கும். பொறவு கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் ஒண்ணா அமத்தினா டாஸ்க் மேனேஜர் தொறக்கும், அதுல ஸ்டார்ட்அப்னு ஒரு பக்கம் இருக்கு, அதுல நீங்க போட்டோ எடுத்த பேரு இருந்தா ரைட் கிளிக் பண்ணி டிசேபிள். முடிஞ்சுது. என் லெப்டொப்புல அங்க இல்ல, அப்படியும் வரும், ஏன்னா விண்டோஸ்ல செக்ரோல் ஒண்ணு இல்ல, நாலஞ்சு எடத்துல இருக்கு. டாஸ்க் ஸ்கெடியூலர்னு இன்னொரு எடம், அங்கதான் எனக்கு மாட்டிச்சு, பிரிண்டர்காரன் "லொகின் ஆகும்போதெல்லாம் இத ஓட்டு"ன்னு எழுதி வச்சிட்டு போயிருக்கான், பிரிண்டர வித்து எட்டு மாசமாச்சு. அங்கயும் அழிக்கல, டிசேபிள்தான் பண்ணினேன், அதுதான் நல்லது, தப்பான பேர தட்டிட்டா திரும்ப போட்டுக்கலாம். ரெண்டு எடத்துலயும் கெடைக்கலன்னா ஓட்டோரன்ஸ்னு ஒரு சின்ன சொஃப்ட்வெயார் இருக்கு, மைக்ரோசொஃப்டே சிஸ்இன்டர்னல்ஸ்ங்கிற பேர்ல சும்மா குடுக்குது, அதுல எல்லா செக்ரோலும் ஒரே பக்கத்துல வரும், பேர் இருந்து ஆள் இல்லாததெல்லாம் மஞ்ச கலர்ல காட்டும். டிக்க எடுத்து விட்டா போதும். ஆனா மஞ்சளா இருக்கிற எல்லாத்தையும் வெறி வந்த மாதிரி எடுக்காதீங்க, போட்டோவுல இருக்கிற பேர மட்டும் எடுங்க.

எனக்கு மொத்தமா ஒரு இருவது நிமிசம் போச்சு, அதுல பத்து நிமிசம் டீச்சருக்கு தேத்தண்ணி போட்டது.

அப்டேட்டுக்குப் பொறவு வர்ற இன்னொரு பெட்டி இருக்கு, அத இதோட கொழப்பிக்கக் கூடாது. விசிரன்டைம்140 டிஎல்எல் காணல, எம்எஸ்விசிபி140 டிஎல்எல் காணல, அப்புறம் ரீஇன்ஸ்டோல் பண்ணிப் பாருன்னு வரும். இது கொழும்புக்குப் போன ஆளு கதை இல்ல. ஆளு பெரட்டுக்கு வந்து நிக்கிறாரு, ஆனா கூடை இல்ல. சொஃப்ட்வெயார் இருக்கு, அது வேலை செய்யத் தேவையான பொதுச் சாமான் இல்ல. கூடைய ஸ்டோர்ல கேட்டு வாங்கணும், அதாவது விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்னு ஒண்ணு மைக்ரோசொஃப்ட் சைட்ல இருக்கு, காசு இல்ல. இப்ப இருக்கிற 64 பிட் கம்பியூட்டர்ல எக்ஸ்64ம் (64 பிட்டுக்கு) எக்ஸ்86ம் (32 பிட்டுக்கு) ரெண்டையும் போடணும், ஒண்ண மட்டும் போட்டுட்டு "அப்பவும் வருது"ன்னு வர்றவங்கதான் நெறைய. நம்ம ஆளுங்க என்ன செய்றாங்கன்னா கூகிள்ல அந்த ஃபைல் பேர தட்டி, மொதல்ல வர்ற ஏதோ ஒரு சைட்ல அந்த ஒரு டிஎல்எல்ல மட்டும் எறக்கி சிஸ்டம்32ங்கிற விண்டோஸோட சொந்த ஃபோல்டருக்குள்ள போட்டுர்றாங்க. ரோட்டுல கெடக்குற கூடைய எடுத்து முதுகுல மாட்டிக்கிட்டு மலையேறுற மாதிரி, உள்ள அட்டை இருக்கா பாம்பு இருக்கான்னு யாருக்குத் தெரியும்.

கம்பியூட்டர் கொஞ்சம் பழசா, போட்டதும் கருப்பு ஸ்கிரீன்ல எஃப்1 அமத்துன்னு கேட்டு, தேதி ஏதோ பழைய வருசம் காட்டிச்சுன்னா அது அப்டேட்டே இல்ல, உள்ள இருக்கிற சிஆர்2032 பெட்டரி செத்திருச்சு, மாத்தினா சரி. தேதி தப்பா இருந்தா வெப்சைட் எல்லாம் பாதுகாப்பில்லன்னு சொல்லி தொறக்காது, அத பாத்துட்டும் போமட்டுக்கு குடுத்தவங்கள நான் பாத்திருக்கேன்.

இனி பெட்டி இல்லாம கம்பியூட்டரே எழும்பாத விசயத்துக்கு வாரேன், இதுல எங்க மலையகத்துக்கு ஒரு தனி பங்கு இருக்கு, கறண்ட். 2022ல ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரைக்கும் வெட்டினாங்களே, அத விடுங்க. 2025 பெப்ரவரி 9 ஞாயித்துக்கெழம பாணந்துறையில ஒரு குரங்கு கிரிட் சப்ஸ்டேஷன்ல ஏறி முழு இலங்கையும் இருட்டாச்சே, அந்த நேரம் என் கடை கம்பியூட்டர் சரியா அப்டேட் நடுவுல இருந்துச்சு, யூபிஎஸ் பெட்டரி செத்து மூணு மாசம். கறண்ட் வந்து போட்டா "அன்டூயிங் சேஞ்சஸ்"னு சுத்திக்கிட்டே இருக்கு. அதுக்கு அர்த்தம், பாதியில நின்ன வேலைய திரும்ப எடுத்து பழைய நெலைக்கு வைக்கிறேன், இருன்னு. தோட்டத்து கணக்குல அரைப்பேரோட, அதாவது அர நாள் கணக்கோட, நின்ன வேலை. அத விட்டுறணும், பழைய ஹார்ட் டிஸ்க்னா ரொம்ப நேரம் எடுக்கும், தேத்தண்ணி குடிச்சிட்டு வந்து பாக்கலாம், சோறு சாப்புட்டுட்டும் வந்து பாக்கலாம். நம்மாளுங்க பத்து நிமிசத்துல பொறுமை போய் பிளக்க புடுங்கிர்றாங்க, அப்பத்தான் நெசமாவே கெடும்.

அப்படி கெட்டாலும் வழி இருக்கு. விண்டோஸ் ரெண்டு மூணு தடவ ஒழுங்கா எழும்ப முடியாமப் போனா அதுவே ரிப்பேர் பக்கத்துக்கு போயிரும், நீல ஸ்கிரீன பாத்து பயப்படாதீங்க, ட்ரபிள்ஷூட், பொறவு அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்னு உள்ள போனா ஸ்டார்ட்அப் ரிப்பேர் இருக்கு, அன்இன்ஸ்டோல் அப்டேட்ஸ் இருக்கு, சிஸ்டம் ரீஸ்டோர் இருக்கு, சேஃப் மோட் இருக்கு. நேத்து ராத்திரி அப்டேட்தான் காரணம்னு தெரிஞ்சா அந்த அப்டேட்ட மட்டும் கழட்டுறதுக்கே தனியா பட்டன் வச்சிருக்காங்க, அதுல மாசாமாசம் வர்ற சின்ன அப்டேட்டுக்கு குவாலிட்டின்னும், வருசத்துக்கு ஒருக்கா வர்ற பெரிசுக்கு ஃபீச்சர்னும் ரெண்டு இருக்கும். பெரிச கழட்டுறதுக்கு பொதுவா 10 நாள்தான் தவணை, அதுக்குப் பொறவு பழசு அழிஞ்சிரும், அதுனால "பாத்துக்கலாம், வர்ற மாசம் டவுனுக்கு போகும்போது காட்டலாம்"னு விட்டுறாதீங்க.

இதையெல்லாம் சொன்னா "நீங்க சின்ன கம்பியூட்டர பத்தி சொல்றீங்க"ன்னு ஒருத்தர் மடக்கினாரு. 2024 ஜூலை 19 ஞாபகம் இருக்கா? க்ரவுட்ஸ்ட்ரைக்னு ஒரு பாதுகாப்பு சொஃப்ட்வெயாரோட அப்டேட் ஒண்ணு தப்பாப் போய் உலகம் முழுக்க சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்பியூட்டர் நீல ஸ்கிரீன்ல நின்னுச்சு, ப்ளேன் பறக்கல, பேங்க், ஆஸ்பத்திரி எல்லாம் தடுமாறிச்சு. அத சரி பண்ண என்ன செய்யச் சொன்னாங்க தெரியுமா, சேஃப் மோட்ல போய் ஒரு ஃபோல்டர தொறந்து ஒரு ஃபைல அழிச்சிட்டு ரீஸ்டார்ட் பண்ணுங்கன்னாங்க. ஒரு ஃபைல். எயார்போட் கம்பியூட்டருக்கே ஒரு ஃபைல அழிச்சா போதும்னா எங்க பஜார்ல இருக்கிற கம்பியூட்டருக்கு மட்டும் ஏன் முழுசா போமட் அடிக்கணும்?

ஆனா ஒரு பெட்டிய மட்டும் நான் சிரிச்சிக்கிட்டு சொல்ல மாட்டேன். பிட்லொக்கர், அதாவது டிஸ்க்க பூட்டி வைக்கிற விண்டோஸோட பூட்டு. நீல ஸ்கிரீன்ல ரிகவரி கீய போடுன்னு கேக்கும், அது 48 எலக்கம். இப்ப வர்ற புது லெப்டொப் நெறையத்துல மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட்ல லொகின் ஆனதுமே டிஸ்க்க அதுவே பூட்டிருது, நமக்கு பூட்டினதே தெரியாது. பயோஸ் (விண்டோஸுக்கு முந்தி கம்பியூட்டர எழுப்பி விடுற உள் புரோகிராம்) அப்டேட் ஆனா, சில நேரம் விண்டோஸ் அப்டேட் ஆனாக்கூட, ஆள் மாறிட்டாங்களோன்னு சந்தேகப்பட்டு கீய கேக்கும், 2024 ஜூலை மாச அப்டேட்டுக்குப் பொறவு இப்படி நெறைய பேருக்கு வந்து மைக்ரோசொஃப்டே ஒத்துக்கிச்சு. கீ இல்லன்னா எந்தக் கடையில எந்த கெட்டிக்காரன் கிட்ட குடுத்தாலும் உள்ள இருக்கிறத எடுக்க முடியாது. எடுத்துத் தாரேன்னு காசு கேட்டா நம்பாதீங்க. கீ அனேகமா உங்க மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட்ல பதிஞ்சிருக்கும், போன்லயே அந்த எக்கவுண்டுக்கு லொகின் பண்ணி பாக்கலாம். ஆனா எங்க பக்கம் அந்த எக்கவுண்ட யாரு தொறந்தது? லெப்டொப் வித்த கடைக்காரரு தன் ஈமெயில்ல தொறந்திருப்பாரு, இல்ல வெளிநாட்டுல இருந்து அனுப்பின மாமா தொறந்திருப்பாரு. கம்பஸ் போன ஒரு புள்ளயோட லெப்டொப் இப்படி பூட்டிக்கிச்சு, டுபாய்ல இருக்கிற அவங்க மாமாவுக்கு போன் போட்டு அவரு ட்யூட்டி முடிஞ்சு ரூமுக்கு வந்து ராத்திரி பதினொரு மணிக்கு ஒவ்வொரு எலக்கமா வாசிக்க, இந்தப் பக்கம் அந்தப் புள்ள தட்ட, நடுவுல சிக்னல் போக, திரும்ப மொதல்ல இருந்து. கெடைச்சிது. அன்னைக்கே அந்த 48 எலக்கத்தையும் வீட்டுல அடையாள அட்ட, பொறப்புச் சான்றிதழ் வைக்கிற பைலுக்குள்ள எழுதி வைக்கச் சொன்னேன். லெப்டொப் பைக்குள்ள வைக்காதீங்க, பூட்டோட சாவியையும் சேத்து கட்டின மாதிரி ஆயிரும்.

விண்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சாதாரண அப்டேட் நின்னிருச்சு, அதுனால பழைய கம்பியூட்டர்ல டிபிஎம் 2.0 (விண்டோஸ் 11 கேக்கிற பாதுகாப்பு சிப்) இல்லாட்டியும் எப்படியாவது 11ஐ ஏத்தி விடுற வேலையும் இப்ப நடக்குது. ஏத்தலாம், ஓடவும் ஓடும், ஆனா அந்த மாதிரி மெஷினுக்கு மைக்ரோசொஃப்ட் பொறுப்பில்ல, பெரிய அப்டேட் வரும்போது தகராறு பண்ணும். ஏத்துறதுக்கு முன்னாடி கஸ்டமருக்கு அத சொல்லிட்டு ஏத்துங்கன்னுதான் கடைக்காரங்கள கேக்கிறேன். 10ஐயே வச்சிருக்கிறவங்களுக்கு 2026 ஒக்டோபர் 13 வரைக்கும் பாதுகாப்பு அப்டேட் மட்டும் நீட்டிக் குடுத்திருக்காங்க, செட்டிங்ஸ்ல போய் பதியணும், மைக்ரோசொஃப்ட் எக்கவுண்ட்ல செட்டிங்ஸ பேக்கப் பண்ணிக்கிட்டா காசு கட்டத் தேவையில்ல.

கடைக்கார தம்பிமார்மேல எனக்கு கோவமில்லங்க, அவங்கட நெலம எனக்குத் தெரியும். போமட் அடிச்சா ரெண்டு மணித்தியாலத்துல வேலை முடியும், காசு நிச்சயம். ஒரு பெட்டிய வாசிச்சு தேடி பேர வெட்ட ஒரு மணித்தியாலம் போனா, "ஒரு கிளிக்குக்கா இவ்வளவு காசு"ன்னு நாமளே சண்டைக்கு போவோம். நானே எத்தனையோ பேருக்கு "போமட் அடிச்சா சரியாயிரும்"னு வாய் கூசாம சொல்லி அனுப்பினவன்தான். பொறவு பாஷை. கம்பியூட்டர் பேசுறது இங்கிலீஷ், டவுன்ல ரிப்பேர் பண்றவரு அனேகமா பேசுறது சிங்களம், நாங்க பேசுறது தமிழ், மூணுக்கும் நடுவுல இந்த பெட்டி மாட்டிக்கிது, போமட்டுங்கிற ஒரு வார்த்த மட்டும் எல்லாருக்கும் வெளங்குது. விண்டோஸ தமிழ்ல மாத்திக்கலாமேன்னு கேப்பீங்க, மாத்திப் பாத்தேன், அதுல இருக்கிற தமிழ் எனக்கே வெளங்கல, திரும்ப இங்கிலீஷுக்கு மாத்த வழி தேடித்தான் அர நாள் போச்சு.

போமட்டுக்குப் பொறவு இன்னொரு கூத்து, சிலர் பென் டிரைவ்ல வச்சிருந்த பழைய கடிதங்கள கொண்டாருவாங்க, தொறந்தா எல்லாம் இங்கிலீஷ் எழுத்தும் குறியுமா கிறுக்கியிருக்கும். ஃபைல் கெட்டுப் போச்சுன்னு அழிச்சிராதீங்க, அது பாமினி ஃபொன்ட்ல அடிச்சது, போமட்ல ஃபொன்ட் போயிருச்சு, திரும்ப பாமினிய போட்டா தமிழ் வந்திரும். இனிமே அடிக்கிறத யூனிகோட்ல அடிங்க, அந்தத் தொல்லையே இல்ல.

உங்ககிட்ட கேக்கிறது இதுதாங்க ஐயா. ஞாயித்துக்கெழம பேப்பர்ல ஒரு கை அகலத்துக்கு எடம் குடுங்க. கெழமைக்கு ஒரு பெட்டி, ஒண்ணே ஒண்ணு. அந்த எரர் இங்கிலீஷ்ல எப்படி வரும்ங்கிறத எங்களுக்கு வாசிக்க வர்ற மாதிரி தமிழ் எழுத்துலயே போட்டு, கீழ அது என்ன கேக்குதுன்னு நாலு வரி, வீட்டுலயே செய்யலாமா கடைக்கு கொண்டு போகணுமான்னு ஒரு வரி. அத வெட்டி நான் கடை சுவத்துல ஒட்டுறேன், என்ன மாதிரி கொமினிகேஷன் வச்சிருக்கிற எல்லாரும் ஒட்டுவாங்க. எழுத ஆள் இல்லன்னா கம்பஸ்ல ஐடி படிக்கிற எங்க பக்கத்து புள்ளைங்க இருக்காங்க, கேட்டா சந்தோசமா எழுதிக் குடுப்பாங்க, வாசிச்சு திருத்திக் குடுக்க டீச்சரும் ரெடியா இருக்காங்க, அவங்களுக்கு இப்ப பெட்டி வாசிக்கிறதுல ஒரு ருசி வந்திருச்சு, போன கெழம வந்து "இன்னைக்கு ஒண்ணும் காணாமப் போகலயா தம்பி"ன்னு கேட்டுட்டு போறாங்க.

ரிப்பேர் கடைக்காரங்களுக்கும் ஒண்ணே ஒண்ணு. பில் புத்தகத்துல ஒரு வரி அச்சடிச்சு வைங்க, "ஃபைல் எடுத்தாச்சா, யார் எடுத்தது?" அதுல கஸ்டமர் கையெழுத்து போட்ட பொறவு போமட் அடிங்க. அந்த ஒரு வரி ரெண்டு வருசத்துக்கு முந்தி இருந்திருந்தா பாட்டியோட அக்கா மூஞ்சி இப்பவும் எங்கிட்ட இருந்திருக்கும்.

இன்னும் ரெண்டு பெட்டி பத்தி எழுதணும்னு நெனச்சேன், ஆனா சாமிமலைப் பக்கம் இடி முழங்க ஆரம்பிச்சிருச்சு, யூபிஎஸ் பெட்டரி இன்னும் வாங்கல, பிளக்க கழட்டணும்.

இப்படிக்கு,
கொமினிகேஷன்காரன்,
மஸ்கெலியா.

(பேர் போட வேணாம்ங்க, டவுன்ல இருக்கிற அந்தக் கடைக்குத்தான் இன்னமும் டோனர் வாங்கப் போறேன்.)